அச்சமும் இளிவரலும்

நடிகர் தேர்வுக்குப் போகிறவனின் நடுக்கத்தை ஓர் உடல் உபாதையாக மட்டுமே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மூச்சை இழுத்து விடு, வெந்நீர் குடி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள்தான் என்று நினைத்துக்கொள். புத்திமதிகள் இந்த அளவில் நிற்கின்றன. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் ப்ராப்ரனலால் மாத்திரையை மேலைநாட்டு வாத்தியக் கலைஞர்களில் பலர் மேடைக்கு முன் போட்டுக்கொள்கிறார்கள். கை நடுங்காது, உண்மைதான். கை எதற்காக நடுங்கியது என்ற கேள்வியை மாத்திரை தொடுவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தேர்வறையில் முதல் மூன்றுக்கும் இடமில்லை (மூன்றாவதைப் பற்றி சினிமாவில் அடிபட்டவர்கள் வேறு அபிப்பிராயம் வைத்திருக்கலாம்). மிஞ்சுவது இறை, அதாவது அரசன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன் ஆடிக் காட்டுகிறாள். இளங்கோ அரங்கின் அளவைச் சொல்கிறார்: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர் தகுதியையும் சொல்கிறார். மூவகை எழினி வருகிறது, தலைக்கோல் வருகிறது, 1008 கழஞ்சு பொன் வருகிறது. அந்தப் பெண்ணின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதற்கு ஒரு வரி இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழாண்டுப் பயிற்சியும் இத்தனை ஆசிரியர்களும் அவளோடு சேர்ந்தே அரங்கேறுகிறார்கள். நடுக்கம் பங்கு போட்டுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. அவளுக்கு விலை வைக்கப்படுவது பிறகுதான், கூனி மாலையை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போகும்போது.

எங்கள் ஊத்துக்கோட்டை அடங்கிய தொண்டை மண்டலத்தில் திரௌபதி அம்மன் விழா என்றால் பாரதக் கூத்து உண்டு. அதில் அர்ச்சுனன் தபசு முக்கியமான நாள். வேஷம் கட்டியவர் விரதமிருந்து, நெடுமரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே பிள்ளை வரம் கேட்கும் பெண்கள், மேலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்காகக் காத்திருக்கிறார்கள். விழுந்தால் உயிர் போகும். அங்கே அச்சம் இல்லை என்று எவன் சொல்வான்? ஆனால் அது அணங்கைப் பற்றிய அச்சம். கீழே இருக்கும் கூட்டம் அவரைத் தேர்வு செய்வதற்காக வந்ததல்ல. அவர் கையிலிருந்து எதையோ பெறுவதற்காக வந்தது. மரத்தில் ஏறுகிறவருக்கும், சென்னைக்குப் பஸ் ஏறி ஏதோ ஒரு கம்பெனி மாடிப்படியில் காத்திருக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைப் பையனுக்கும் ஒரே சொல்லை, பயம் என்ற சொல்லை, உபயோகிப்பதில்தான் நம் குழப்பம் ஆரம்பிக்கிறது.

பையனுடையது அச்சமே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. தொல்காப்பியர் இன்னோரிடத்தில் இளிவரலுக்குக் காரணங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்கிறார். இந்த மென்மை, எளிய நிலை, அதுதான் பையனின் இடம். வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இது பரிச்சயமான விஷயம். பணம் போட வருகிறவர் குரலும் கடன் கேட்க வருகிறவர் குரலும் ஒரே மனிதருடையவையாக இருந்தாலும் ஒன்றல்ல. கடன் கேட்பவர் பயப்படுவது எங்களுக்கா? தன்னைத் தானே கீழே வைத்துப் பேச நேர்ந்ததில் குரல் உடைகிறது. இந்த உடைவை மூச்சுப் பயிற்சியால் மறைக்கலாம். மறைப்பது நேர்மையா என்று கேட்டால், பாதகமில்லை என்றே சொல்வேன். ஆனால் அது நோய், அதற்கு நீதான் பொறுப்பு என்று அவனிடம் சொல்வது நேர்மையல்ல.

அளப்பவன் கையிலுள்ள கோல் சரியானதுதானா என்பது வேறு விஷயம். 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் ஆரம்ப நாட்களில் கணேசன் ஒல்லி, சரிப்படமாட்டார், மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றார். முதல் வசனம் பேசிய இடத்தில் ஏவி.எம். ஸ்டூடியோ பின்னால் நினைவுச் சின்னமே வைத்தது. பாய்ஸ் கம்பெனியில் சிறுவயது முதல் மேடையேறியவருக்கே ஒரு முதலியார் தேவைப்பட்டார். முதலியார் இல்லாதவர்களுக்குச் சின்னம் எழுப்ப யாருக்கும் இடம் தெரியாது.

நல்ல நடிகன் எதையும் உணர்வதில்லை, உணர்ந்ததாகக் காட்டுகிறான் என்பது திதெரோவின் கட்சி. பாத்திரத்துக்குள் போய்விட்டவனைப் பொறுத்தவரை இது பாதிக்கு மேல் சரி. தேர்வுக்கு வந்தவனிடம் இன்னும் பாத்திரமே இல்லையே. பெயர், வயது, உயரம் சொல். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு. எதிர் வசனத்தை ஒரு உதவியாளர் பட்டியல் வாசிப்பதுபோல் வாசிக்கிறார். உலகப் புகழோடு இருந்த லாரன்ஸ் ஆலிவியரை 1960களில் சுமார் ஐந்தாண்டுகள் மேடைப்பயம் பிடித்து ஆட்டியது. ஒதெல்லோவாக நடித்த நாட்களில், இயாகோவாக நடித்தவரைப் பக்கத்திரையோரம் தன் கண்ணில் படும்படி நிற்கச் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது சக நடிகனின் முகம். தேர்வறையில் அந்த முகம்தான் கிடையாது.

கூத்தில் வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னாலிருந்து பாடுகிறார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். கட்டியக்காரன், வந்திருப்பது யார் என்று விசாரிக்கிறான். துரியோதனன் என்று பதில் வருகிறது. விடியும்வரை அவரிடம் யாரும் சொந்தப் பெயரைக் கேட்பதில்லை. தெலுங்கு கலந்த தமிழ் பேசும் எங்களூர்ப் பையனிடமும் தேர்வாளர்கள் முதலில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரைக் கடைசியில் கேட்கலாம். செலவு ஒன்றும் ஆகாது.