நினைவு யாருக்குப் பட்ட கடன்?

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவனுடைய பெயரையும் பெருமையையும் அதில் பொறித்து வைத்தது பண்டைத் தமிழர் வழக்கம். தகுந்த கல்லைத் தேர்வது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. இறந்தோரை நினைப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்று கருதிய இனம் அது. அவ்வினத்தின் வழிவந்தோருள் ஒரு பகுதியினர் கடல் கடந்து வந்து, மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக மாற்றினர். அவர்களுள் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. அவர்களை நினைப்பது வாழ்வோரின் விருப்பமா, கடமையா? கடமையாயின், அது யாருக்குச் செலுத்த வேண்டிய கடன்?

ஏடு இல்லை என்பதால் வரலாறே இல்லாமற் போய்விடுவதில்லை. தோட்ட மக்கள் தங்கள் வரலாற்றைத் தங்கள் பேச்சிலேயே வைத்துக் காத்தனர். 'பெரட்டுக் களம்' என்ற ஒரு சொல், விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுத்த ஒரு தலைமுறையின் வைகறைப் பொழுதையே காட்டுகிறது. நிரை, மங்கு, ஒட்டுப்பால், லயம், ஆயாக் கொட்டகை, கிராணி, தண்டல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை முறையின் சான்று. ஆண்டைக் கணக்கிடவும் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஒரு குழந்தை பிறந்தது 'சப்பான்காரன் காலத்துக்கு முன்' என்றால் அது 1941க்கு முற்பட்டது. 'அவசரகாலத்தில்' என்றால் 1948க்கும் 1960க்கும் இடைப்பட்டது. மாரியம்மன் திருவிழாவில் யார் முதலில் கரகம் எடுத்தார், முனியாண்டிக்கு அந்த மரத்தடியில் ஏன் கோயில் எழுந்தது, மதுரைவீரன் கூத்தில் வெள்ளையம்மாளாக வேடமிட்டவர் யார் என்பன எல்லாம் ஆண்டுதோறும் சொல்லப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டன. திருவிழாவே அவர்களுக்கு ஆவணக் காப்பகமாயிற்று.

இம்முறையில் ஒரு வலிமையும் ஒரு வலிவின்மையும் உள்ளன. எழுத்தறியாதவரும் அதில் பங்கு கொள்ளலாம் என்பது வலிமை. இடத்தோடு அது பிணைந்து கிடப்பது வலிவின்மை. ஒரு மரத்தைச் சுட்டிக் காட்டிச் சொல்லப்படும் கதை, அம்மரம் வெட்டப்பட்டதும் நாவில் தங்குவதில்லை. 1950களில் வெள்ளையர் பலர் தோட்டங்களை விற்றபோது, பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அங்கே வாழ்ந்தவர் சிதறினர். அச்சிதறலைத் தடுக்கவே 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. எனினும், பின்னர் பால்மரம் நின்ற இடங்களிற் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் மறைந்தன. அங்கே பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கின்றனர். அவர்களுக்குச் சுட்டிக் காட்ட மரம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இருட்டில் எழுந்து, அட்டை கடிக்கக் காட்டிற்குள் நடந்து, தோளில் காண்டா சுமந்து, தன் பிள்ளை அவ்வாழ்வைக் காணக் கூடாது என்பதற்காகவே ஒரு தாய் உழைத்தாள். பிள்ளை அதனை மறந்தால் அது தாயின் வெற்றியன்றோ? துன்பத்தை ஏன் தோண்டி எடுக்க வேண்டும்? தோட்டத்துப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளிடம் பழங்கதை பேசியதில்லை. அந்த மௌனத்தில் அன்பும் இருந்தது, மானமும் இருந்தது. அதை மதிக்காமல், 'சொல், சொல்' என்று நச்சரிப்பவன் வரலாற்றை நேசிப்பவன் ஆகான்.

இம்மறுப்பிற்கு விடை காண, இருவகை மறதியைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் தாம் பட்டதைச் சொல்லாமலிருக்கத் தாமே முடிவு செய்வது ஒன்று. ஒருவர் பட்டதைக் கேட்பாரும் எழுதுவாரும் இன்மையால் அது அழிந்துபோவது மற்றொன்று. முன்னது உரிமை; பின்னது அநீதி. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது, தம் சோம்பலுக்கு முன்னோரின் மானத்தைப் போர்வையாக்குவதாகும்.

சயாம்-பர்மா இரயில் பாதை இவ்வேறுபாட்டிற்குத் தக்க சான்று. 1942இலும் 1943இலும் சப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானோர் மிகப் பலர். அதே பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகளும் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேரின் கல்லறைகளைக் காஞ்சனபுரியில் இன்றும் காணலாம். பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. தோட்டத்துத் தமிழருக்கோ அத்தகைய பெயர்க் கல் இல்லை. இரு சாராரும் சாவில் வேறுபட்டாரல்லர். படைவீரனுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலி என்று அழைக்கப்பட்டவனுக்கு, அவன் பெயரைக் காக்கும் பட்டியலை எவரும் பேணவில்லை. பாதை முடிந்து 50 ஆண்டுகள் கழிந்த பின், 1993இல்தான் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் வெளிவந்தது. அதற்குள், திரும்பி வந்தவர்களுள் பலர் சொல்லாமலே மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்ல விரும்பவில்லையா, கேட்பார் இல்லையா என்பதை இனி எவ்வாறு அறிவது? கேட்டிருந்தால், மறுக்கும் உரிமையாவது அவர்களிடம் இருந்திருக்கும்.

ஆகவே, நினைவு முதற்கண் இறந்தோர்க்குப் பட்ட கடன். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நன்றியறிதல் என்னும் சொல்லில் அறிதல் அடங்கியிருப்பதை எண்ண வேண்டும். யார், என்ன செய்தார் என்று அறியாதவன் எதற்கு நன்றி சொல்வான்?

கடனைச் செலுத்தும்போது நாணயம் நல்லதாக இருத்தல் வேண்டும். முன்னோர் வரலாற்றைச் சொல்லும்போது இனியவற்றை மட்டும் பொறுக்குவது கள்ள நாணயம் கொடுப்பதை ஒக்கும். தொழிலாளரை அழைத்து வந்த கங்காணி பெரும்பாலும் அவர்தம் ஊராரே. சில வேளைகளில் உறவினரே. கொடுமை வெள்ளைத் துரையிடமிருந்து மட்டும் வந்ததில்லை. கடலைக் கடந்தபோதும் சாதி கடலில் விழுந்துவிடவில்லை. லயத்திலும் கோயிலிலும் அது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆணுக்கு நிகராக மரம் வெட்டிய பெண்ணுக்கு நெடுங்காலம் குறைந்த கூலியே கிடைத்தது. வீடு திரும்பியதும் அவளுக்கு மட்டும் இன்னொரு வேலை காத்திருந்தது. கள்ளுக்கடை குடும்பங்களைத் தின்றது. இவற்றை மறைக்கும் வரலாறு, அன்று பொறுத்தவரை இன்றும் வாய் பொத்தச் செய்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை நேரும். அவர்களை வெறும் கண்ணீர்ப் பொருளாகவே காட்டுவது அப்பிழை. கூலியில் மிச்சம் பிடித்துக் கோயில் எழுப்பியவர் அவர்களே. பகலெல்லாம் உழைத்து இரவில் ஒத்திகை பார்த்துக் கூத்து நடத்தியவர் அவர்களே. சங்கம் கூடி உரிமை கேட்டவரும் அவர்களே. இரங்கத்தக்கவராக மட்டும் நினைக்கப்படுவதை அவர்களே ஏற்க மாட்டார்கள்.

இக்கடனை யார் செலுத்துவது? தோட்டம் மறைந்த பின்னும் பல இடங்களில் எஞ்சி நிற்பது தமிழ்ப்பள்ளி. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேற்பட்டனவாகக் குறைந்துள்ளன. எஞ்சியவற்றுட் சில நகர்ப்புறங்களுக்கு இடம்பெயர்ந்தும், பழைய தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. நாள்தோறும் அப்பெயர்ப் பலகையின் கீழ் நுழையும் மாணவனுக்கு அப்பெயரின் பொருள் தெரியுமா? பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால், தந்தையின் பெயரும் தொழிலும் வாழ்ந்த இடமும் வரிவரியாகக் கிடக்கும். முறைப்படி காக்கப்பட்டால், சயாமுக்குச் சென்றவர்களுக்கு வாய்க்காத பட்டியல் அதுவே. அதைக் கறையானுக்குக் கொடுப்பதும் பேணுவதும் ஆசிரியர் கையில் உள்ளன.

மாணவர் செய்யத்தக்கதும் உண்டு. வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ இசைவு பெற்று, அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதலாம். 'பெரட்டு' என்று அவர் சொன்னால் அதனைத் திருத்தி எழுதத் தேவையில்லை. திருத்தினால் சான்று அழிந்துவிடும். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொன்னால், இரண்டையும் எழுதிச் சொன்னவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வைக்கலாம். எது மெய் என்பதைப் பின்வருவோர் ஆராயட்டும். சொல்ல மாட்டேன் என்று ஒருவர் மறுத்தால், பணிந்து எழுந்து வருவதே பண்பு.

இவ்வாறு எழுதும் மாணவன் தன் பாட்டிக்கு மட்டும் கடன் தீர்க்கவில்லை. இன்னும் பிறவாத ஒருவனுக்கும் அவன் கடமை செய்கிறான். தன்னைப் பற்றிப் பிறர் கூறும் கதை பொய்யென்று அறிய, மெய்க்கதை தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தான் என்ற சொல்லை இழிசொல்லாக வீசுவோர் முன், அச்சொல்லுக்குப் பின்னுள்ள உழைப்பை அறிந்தவன் தலை குனியான்; அறியாதவன் தன்னைப் பெற்றவரையே மறைக்க முயல்வான். அப்பழக்கம் ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. கேட்கத்தக்கவர் இன்னும் நம்மிடையே சிலர் உள்ளனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைந்து வருகிறது. கடனுக்குத் தவணை உண்டு. இக்கடனின் தவணை அவர்களுடைய ஆயுள்.