மேசைக்கு யார் சாட்சி?
அமெரிக்காவில் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் மூன்று மருத்துவமனைகளில் பணிபுரிந்தார். எதுவும் அவருக்கு அலுவலக அறை தரவில்லை. எனவே நோயாளர் குறிப்பேடுகளையும் கணக்குகளையும் இல்லத்து அறையொன்றில் கவனித்து, அவ்வறைச் செலவுக்கு வருமான வரியில் கழிவு கோரினார். சிகிச்சை நடக்கும் இடமே முதன்மையானதெனக் கருதி, 1993இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறைவான உழைப்பை அத்தீர்ப்பு குறைத்து மதிப்பிட்டதாகவே நமக்குத் தோன்றுகிறது. 1997இல் இயற்றிய திருத்தம் 1999 முதல் இத்தகையோருக்கு வழிதிறந்தது.

ஆயினும் அவ்விடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் எனும் நிபந்தனை நீடிக்கிறது. மாலையில் அதே மேசையில் மகன் வீட்டுப்பாடம் எழுதினால்? அற்பமெனத் தோன்றலாம், அந்நிலையில் கழிவு கோருவது பொய்யுரைத்தலே என்போம். வரி அலுவலர் அம்மேசையைக் காண்பது அரிது. படிவத்தில் சதுர அடியைக் குறிப்பவர் மருத்துவரே.