தீட்டில்லாத உறவு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில், 2022இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஸ்டோர்ஸ் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். பதினோரு வருடம் எதிரெதிர் மேசை. அவர் வீட்டு வத்தக்குழம்பும் எங்கள் வீட்டுக் கீரையும் தினமும் டப்பா மாறும்.

மறுநாள் முதலாளியே மாலையோடு வந்தார். மயானச் செலவையும் ஏற்றுக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் என் மேசையில் இருந்தது. “நீங்கதானேம்மா அவரோட நெருக்கம், அவர் கணக்கு உங்களுக்குத்தான் புரியும்” என்றார் மேனேஜர். நெருக்கம் என்பதால்தான் அந்தக் கையெழுத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் ஊரில் தீட்டுக்குக் கணக்கு உண்டு. முகமே பார்த்திராத பங்காளி இறந்தாலும் நாள் காக்கிறோம். அதிலுள்ள தள்ளிவைப்பு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அதற்குள் ஒரு பரிவு இருக்கிறது: இத்தனை நாளைக்கு இவர்களிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று அது ஊருக்குச் சொல்லிவிடுகிறது. தினம் எட்டு மணி நேரம் கூடவே இருந்தவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சட்டத்திலும் இல்லை. தொழிற்சாலையில் இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பள விடுப்பு. துக்கத்துக்கென்று பார்த்தால், தனியார் வேலையில் பெற்ற தாய்க்கே சட்டப்படி ஒரு நாள் கிடையாது. லீவு லெட்டரில் அண்ணனை நான் என்ன உறவென்று எழுதுவது?

இறந்தவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியதற்கு வழி இருக்கிறது. பணிக்கொடைக்கான ஐந்து வருட நிபந்தனை மரணத்தில் பொருந்தாது. சேமநிதியோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும். அந்த வேலையும் என்னிடம்தான் வந்தது. சேமநிதி இணையதளத்தில் அவர் பணியிலிருந்து விலகிய தேதியைப் போட்டு, காரணப் பட்டியலில் ‘பணியில் இருக்கும்போது மரணம்’ என்பதை அழுத்த வேண்டும். அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். நேரம் கடந்து அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டது, மூன்று முறை.

அதை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். காரியம் முடியும்வரை அந்த நாற்காலியைக் காலியாக விட்டிருக்கலாம். சரக்கு ஒன்றும் அழுகிப் போயிருக்காது. கடைத்தெருவில் பிணம் போகும்போது, செத்தது யாரென்றுகூடக் கேட்காமல் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு நிற்கிறார்களே, அவ்வளவுதான் நான் கேட்பது.

பதினாறு முடிந்து அண்ணி கையெழுத்துப் போட வந்தார். எல்லாம் முடிந்த பிறகு, “அவர் எங்கேம்மா உட்காருவாரு?” என்றார். காட்டினேன். புதிதாக எடுத்திருந்த பையன் அதில் உட்கார்ந்திருந்தான். வேலைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. எழுந்தான். தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.