புற்றுமண்ணும் வைக்கோற்சுவரும்

மனிதன் தனக்கென எழுப்பும் வீடு, அதில் வாழ்வோரின் ஆயுளைக் கடந்தும் அழியாமல் நிற்பதுதான் அதன் சிறப்பா, அல்லது காக்க வேண்டிய காலம்வரை காத்துவிட்டு, எந்த மண்ணிலிருந்து எழுந்ததோ அந்த மண்ணுக்கே திரும்புவதுதான் சிறப்பா என்னும் வினா, கட்டடக்கலையைச் சார்ந்ததாகத் தோன்றினும், அடிப்படையில் நிலையாமை பற்றிய சமய வினாவே ஆகும். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களம். தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் தாருகாபுரம் நீருக்கும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் வானுக்கும் உரியனவாக, சங்கரன்கோவில் மண்ணுக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. கோமதியம்மனை வழிபட வருவோர் இங்கே பெறும் சிறப்புப் பிரசாதமும் மண்ணே. நெற்றியில் இட்டும் சிறிதளவு உட்கொண்டும் பிணி தீரும் என்று அடியார்கள் நம்பும் புற்றுமண் அது.

சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவனே பெரியவன் என்றும் திருமாலே பெரியவன் என்றும் வழக்காடி அம்மையிடம் முறையிட்டனர் என்றும், அம்மையின் தவத்துக்கு இரங்கிய இறைவன் வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் காட்சியளித்தான் என்றும் தலவரலாறு கூறுகிறது. ஆடித் தபசுத் திருவிழா கொண்டாடுவது இக்காட்சியையே. காத்தல் திருமாலின் தொழில், ஒடுக்குதல் சிவனின் தொழில் என்னும் வழக்கைக் கொண்டு நோக்கினால், சங்கரநாராயணர் எனப்படும் இத்திருவுருவம் உணர்த்துவது இரு தெய்வங்களின் ஒற்றுமையை மட்டுமன்று. காப்பதும் ஒடுக்குவதும் ஒரே உடலில் பகையின்றி உறைய முடியும் என்பதையும் ஆகும்.

இவ்வுண்மையைப் புற்றே தன் அமைப்பில் காட்டுகிறது. கறையான் தன் உமிழ்நீரால் மண்துகள்களைப் பிணைத்துப் புற்றை எழுப்புகிறது. அதனுள்ளே காய்ந்த புல்லையும் சருகையும் மரத்துகளையும் சேர்த்து, அவற்றின்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஒடோன்டோடெர்மஸ் ஒபேசஸ் என்னும் இனத்தின் புற்றுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, புற்றின் வெளிப்புறம் நடுப்பகுதியைவிட விரைவாகப் பகலில் சூடேறி இரவில் குளிர்வதால் உள்ளிருக்கும் காற்று சுழல்கிறது என்றும், தேங்கிய கரியமில வாயு அவ்வாறே வெளியேறுகிறது என்றும் காட்டியது. வெளியே மண்ணும் உள்ளே உலர்ந்த தாளுமாக, எரிபொருள் ஏதுமின்றி வெயிலையும் இரவையுமே கொண்டு காற்றோட்டம் பெறும் இக்கட்டடம், கைவிடப்பட்டபின் மழையில் மெல்லக் கரைந்து நிலத்தோடு நிலமாகிறது.

மனிதர் கட்டும் வைக்கோற்கட்டு வீடு இதற்கு நெருங்கிய உறவுடையது. இயந்திரத்தால் இறுக்கிச் செவ்வகமாகக் கட்டிய வைக்கோலைச் செங்கல்போல் அடுக்கி, இருபுறமும் மண்ணோ சுண்ணாம்போ பூசிச் சுவராக்கும் இம்முறை, மரம் அரிதாயிருந்த அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அங்கே ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928-இல் வைக்கோற்கட்டுகளால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. தாள்களுக்கிடையே அகப்பட்ட அசையாக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது; சுட்ட செங்கல் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கையே வைக்கோல் கடத்துகிறது. இச்சுவரின் பெரும்பகை ஈரம்; தாளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கை ஈரம் எட்டினால் பூஞ்சை பற்றும் என்பதால், உயர்ந்த கடைக்காலும், நீண்ட இறவாணமும், ஈரத்தை உள்ளே அடைத்துவிடாத பூச்சும், கறையான் ஏறாத காப்பும் இதற்கு இன்றியமையாதவை.

அழியக்கூடிய பொருளால் வீடு கட்டுவது அறிவுடைமையா என்னும் மறுப்புக்குச் சைவ சித்தாந்தம் ஆழமான விடை தருகிறது. இல்லது தோன்றாது, உள்ளது முற்றிலும் அழியாது, காரியம் தன் காரணத்துக்குள் ஒடுங்கி மீண்டும் அதிலிருந்தே வெளிப்படும் என்னும் கொள்கை சற்காரியவாதம் எனப்படும். அந்நெறியில் ஒடுக்கம் என்பது இன்மையாதல் அன்று, இளைத்த உயிர்களுக்கு இறைவன் அளிக்கும் ஓய்வு. மண்சுவர் மண்ணாவதும் வைக்கோல் உரமாவதும் அத்தகைய ஒடுக்கமே. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு உருவாக்கும் சிமெண்டு, தன் பிறப்பிலேயே பெருமளவு கரியமில வாயுவை வெளியிட்டுவிட்டு, இடிந்தபின்னும் விளைநிலமாக மாறாமல் கிடக்கிறது. வைக்கோலோ, பயிர் காற்றிலிருந்து ஈர்த்த கரியை வீடு நிற்கும் காலமெல்லாம் தன்னுள் வைத்துக் காக்கிறது. உடம்பை உயிரின் துச்சில், அதாவது ஒதுக்கிடம், என்று நிலையாமை அதிகாரத்தில் கண்ட வள்ளுவரின் மரபில், அத்துச்சிலுக்குத் துச்சிலாகிய வீட்டுக்கு மட்டும் அழியாமையை வேண்டுவது பொருந்தாது.

ஆயினும் இக்கொள்கை வறுமையைப் போற்றுவதாகிவிடக் கூடாது. ஒழுகும் கூரையையும் கோடைத்தீயையும் தலைமுறைகளாகத் தாங்கியவர் காரைவீட்டை நாடுவது நியாயமான வேட்கை. அவர்களிடம் நிலையாமையை உபதேசிப்பது அறமன்று. மண்வீடும் காரைவீட்டுக்கு இணையாக உறுதியும் மதிப்பும் பெறுமாறு கட்டிக் காட்டுவதே அறம். மண்ணையும் செங்கல்லையும் மதித்துக் கேரளத்தில் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் வாழ்நாட்பணி அதற்குச் சான்று.

மற்றொரு தடை இன்னும் நுண்ணியது. கோமதியம்மனுக்கு ஆவுடையம்மன் என்றும் பெயருண்டு; 'ஆ' என்பது பசு. மழை குறைந்த இவ்வட்டாரத்தில் வைக்கோற்படப்பு முதலில் மாட்டுக்கு உரியது, அதன் தீவனத்தைப் பறித்து எழுப்பும் சுவர் எத்துணைக் குளிர்ச்சி தரினும் தருமமாகாது. அறுவடைக்குப்பின் நெற்றாளை வயலிலேயே எரிக்கும் பஞ்சாப், அரியானா நிலங்களில் வைக்கோற்சுவர் நேரிய விடை. இங்கே, தீவனத்துக்கு உதவாத பருத்திமாரும், செம்மண்ணும், சுண்ணாம்பும் அவ்விடத்தைப் பெறலாம். பிற நாட்டாரின் பொருளைப் பின்பற்றுவதைவிட, அவர்கள் கையருகே எஞ்சியதைக் கொண்டு கட்டிய நெறியைப் பின்பற்றுவதே மேல்.

தமிழில் குடியிருக்கும் இல்லத்தையும் நான்காம் உறுதிப்பொருளாகிய முத்தியையும் 'வீடு' என்னும் ஒரே சொல் சுட்டுகிறது. அச்சொல்லின் வேர் 'விடு' என்பது. பற்றி வைத்துக்கொள்வதற்கென்றே மனிதன் கட்டும் ஒன்றுக்கு விடுதலின் பெயர் அமைந்ததன் பொருளைச் சங்கரன்கோவிலுக்கு வரும் அடியார் ஒவ்வொருவரும் கையில் பெறுகிறார். அவர் உள்ளங்கையில் கிடக்கும் சிறு மண், முன்பு எண்ணற்ற உயிர்களைக் காத்த ஒரு சுவர். ஒடுங்கிய பின்னரே அது பிரசாதமாயிற்று.