இரவுப் பட்டியல்

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் மேஜைக்கு ஒரு தாள் வரும். பொது மருத்துவத் துறையின் முதுநிலை மாணவர்களுக்கான அடுத்த மாத இரவு டூட்டி பட்டியல் அது. உதவிப் பேராசிரியர் கட்டம் போட்டுக் கொண்டுவருவார். துறைத் தலைவர் என்ற முறையில் பெயர்களை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியது நான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆளுக்கு இத்தனை இரவு, ஆண் பெண் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே சட்டம். அப்படி இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையை உடைத்தவர் ஒரு நோயாளி. இதயம் பலவீனமாகி, படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்த எழுபது வயதுப் பாட்டி. காலை ரவுண்ட்ஸில் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் பாருங்கள், கால் வீக்கத்தைப் பாருங்கள், கழுத்து நரம்பைப் பாருங்கள், பார்க்கத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பாட்டி என் முந்தானையை லேசாக இழுத்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, மாசமா இருக்கற புள்ளைய இப்படி மணிக்கணக்கா நிக்க வெக்கறீங்களே, ஒரு ஸ்டூலப் போட்டு உக்காரச் சொல்லக் கூடாதுங்களா?”

யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் முகம் வெளுத்துப்போனது. வெள்ளைக் கோட்டுக்குள், தொளதொளவென்ற சுடிதாருக்குள், அவளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. முந்தின இரவு டூட்டி முடித்து, தூங்காமல் அப்படியே ரவுண்ட்ஸுக்கு வந்து நின்றிருந்தாள். துறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான். பார்க்கக் கற்றுக்கொடுப்பவள்.

பிறகு அறையில் உட்காரவைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவள் கடைசியில் சொன்னாள்: “நீங்க ‘நானெல்லாம் இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் வந்தேன்’னு சொல்லுவீங்கன்னு பயம் மேடம்.”

சொல்லியிருப்பேன். அவள் சொன்னது அச்சு அசல் என் வாசகம்.

மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் வாசகிகளுக்கு இந்த அடுக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்துப் பொது மருத்துவத்தில் எம்.டி. படிக்க வருபவர்களுக்கு 3 ஆண்டுப் படிப்பு. நாங்கள் அவர்களைப் பிஜி என்போம். பெயர்தான் மாணவர். ஓபி பார்ப்பது, அட்மிஷன் நாளில் வந்துகொண்டே இருக்கும் காய்ச்சலையும் பக்கவாதத்தையும் பாம்புக்கடியையும் பூச்சிமருந்து குடித்து வந்தவர்களையும் எடுப்பது, இரவு முழுவதும் வார்டைக் காப்பது எல்லாம் அவர்கள்தாம். பேராசிரியர் வீட்டில் இருப்பார், போனில் கிடைப்பார். அவர்களுடைய மதிப்பேட்டில் கையெழுத்திடுவதும், ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவதும், செய்முறைத் தேர்வில் பக்கத்தில் நிற்பதும் அதே பேராசிரியர்தான். ஒருவரே வேலை வாங்குபவராகவும் தேர்ச்சி தருபவராகவும் இருக்கும்போது எதிரே இருப்பவர் என்ன பேச முடியும்?

நான் 1996-இல் எம்.டி. சேர்ந்தேன். என் மகளுக்கு அப்போது 11 மாதம். அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இரவு டூட்டியில் பால் கட்டி ரவிக்கை நனையும். கழிவறையில் பீய்ச்சிவிட்டு வந்து அடுத்த நோயாளியைப் பார்ப்பேன். என் சீஃப் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பின்னாளில் இதை ஒரு வீரக்கதையாக எத்தனையோ தொகுதி மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையில் என் அம்மா வரவே மாட்டார். இரவில் மகள் அழுதபோது தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். கூடப் படித்த ஆண்களின் கதைகளிலும் அப்படித்தான். துவைத்த சட்டை, கட்டிக்கொடுத்த சாப்பாடு, பார்த்துக்கொள்ளப்பட்ட குழந்தை எதுவும் கதைக்குள் வராது. எங்கள் எம்.டி. பட்டங்களின் அடியில் எந்த மதிப்பேட்டிலும் ஏறாத பெண்களின் உழைப்பு கிடக்கிறது.

இது நம்மூரில் முளைத்த முறையல்ல. 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அங்கே மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்ற வில்லியம் ஆஸ்லர் உருவாக்கியதுதான் இந்த உறைவிட மருத்துவர் பயிற்சி. மருத்துவமனையிலேயே உறைவதால் அந்தப் பெயர். அங்கே தங்கி, அங்கே உண்டு, இரவு பகலாக நோயாளிகளோடு இருந்த, மணமாகாத இளைஞர்களை மனத்தில் வைத்து வகுத்த வாழ்க்கை அது. வேடிக்கை என்னவென்றால், அதனுடன் இணைந்த மருத்துவக் கல்லூரி பணமில்லாமல் திணறியபோது, மேரி எலிசபெத் கேரட் என்ற செல்வந்தப் பெண் பெருந்தொகை கொடுத்து, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்த்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார். பெண்கள் உள்ளே போனார்கள். ஆனால் வீட்டுக்கவலை இல்லாத ஓர் ஆணின் அளவுக்குத் தைத்த சட்டை அப்படியே இருந்தது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று நான் பெருமைப்பட்டது அந்தச் சட்டையைத்தான். அதற்குள் என்னை நுழைத்துக்கொண்டேன், அடுத்தவளையும் நுழையச் சொன்னேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எனக்கே அதில் பாதி நம்பிக்கை உண்டு என்பதால் அதைத் தட்டிவிட முடியாது. இரவில் விழித்திருக்காமல் மருத்துவம் வராது என்பார்கள். உண்மைதான். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் கொடுப்பதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் நெஞ்சில் சளி இரைச்சல் அடங்குகிறதா, கண்பாவை விரிகிறதா, நாடி ஏறுகிறதா, மருந்து போதாமல் இருக்கிறதா, மிஞ்சிப்போய்ப் பிதற்றுகிறாரா என்பதை அந்தக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கற்றேன். ஒரு நோய் மணிக்கு மணி மாறுவதை ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பதில் கிடைக்கும் அறிவு வேறு வழியில் கிடைக்காது. அதைப் பிள்ளைகளுக்கு மறுப்பதும் துரோகம்தான்.

ஆனால் எந்த மணி நேரத்தில் கற்றேன்? ஆறாவது மணியில் கற்றேன், பன்னிரண்டாவது மணியிலும் கற்றேன். முப்பதாவது மணியில் கற்றது வேறு. இதுவரை எந்த வகுப்பிலும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டில், அப்படி ஒரு இரவில், பாம்பு கடித்து ஒரு விவசாயி வந்தார். விரியனா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்தால் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து தர வேண்டும். குழாயை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண் விழித்தபோது எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. அரை மணியாகவும் இருக்கலாம், ஒரு மணியாகவும் இருக்கலாம். குழாயைச் சாய்த்தேன். உறைந்திருந்தது. தாமதமாக உறைந்ததை நேரத்தில் உறைந்தது என்று கொள்ள முடியாது, திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் திரும்ப எடுத்தால் ஏன் என்று காலையில் சீஃப் கேட்பார். தூங்கிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் ‘20 நிமிடத்தில் உறைந்தது’ என்று எழுதினேன்.

விடியும்போது அவருடைய ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம் மருந்து ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் நாளில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பொய் என்னுடையது; சோர்வின் மேல் போட்டு நான் தப்ப மாட்டேன். ஆனால் சோர்வு மட்டும் இருந்திருந்தால் திரும்ப ரத்தம் எடுத்திருப்பேன். பயந்ததால்தான் எழுதினேன். பயப்படும் மாணவர் ஒழுக்கமாக இருப்பார் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறார். நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் எங்களுக்குப் பிழைப்பு. குடிக்கிறீர்களா, மாத்திரையை நிறுத்தினீர்களா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று பதமாகக் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுக்கிறோம். அதே வார்டில் எங்கள் மாணவர்களை வாயடைக்க வைக்கிறோம். என் சீஃப்பிடம் நான் குழாயை மறைத்தேன். என்னிடம் அவள் வயிற்றை மறைத்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒன்றில் அந்த விவசாயியின் உயிர் ஊசலாடியது, இன்னொன்றில் அவளும் அவள் குழந்தையும்.

1984-இல் நியூயார்க்கில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். நெடுநேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் அவரைப் பார்த்தார்கள். பொறுப்பான மூத்த மருத்துவர் தொலைபேசியில் ஆலோசனை சொன்னார், நேரில் வரவில்லை. அதன் பிறகு 1989-இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. மூத்தவர்களின் நேரடி மேற்பார்வையும் அந்த விதிகளில் இருந்தது. உலகம் முழுக்க 80 என்ற எண்ணைத்தான் பேசுகிறார்கள். நாற்காலியில் இருப்பவர்களுக்கு எண்ணைப் பேசுவது வசதி, எழுந்து வர வேண்டியதில்லை. நம் நாட்டிலும் எண் இருக்கிறது: 1992-இன் மத்திய உறைவிட மருத்துவர் திட்டம் தொடர் பணி வழக்கமாக நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. நான் கையெழுத்திட்ட பட்டியல் எதுவும் அதற்குள் அடங்கியதில்லை.

அவளை இரவுப் பட்டியலிலிருந்து அன்றே எடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்த இரண்டாம் நாள், அவளோடு படிக்கும் இன்னொருத்தி கதவருகே வந்து நின்றாள். விட்டுப்போன இரவுகளில் பாதியை அவள் பெயருக்கு எழுதியிருந்தேன்.

“கல்யாணம் ஆகலன்னா ராத்திரியில எனக்கு வேற வேலையே இருக்காதா மேடம்? எங்கப்பாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். நான்தான் கூட்டிட்டுப் போறேன்.”

அதையும் அவள் அதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மணமாகாதவள் என்றால் பொறுப்பில்லாதவள் என்று ஆஸ்லரின் காலத்துக் கணக்கையே நானும் போட்டிருக்கிறேன். அதைவிட மோசமாக ஒன்று நடந்திருந்தது. கருவுற்றவள் தன் தோழியின் உறக்கத்தைத் திருடியவள் ஆகிவிட்டாள். மகப்பேறு விடுப்பு அவளுக்கு உரிமைதான். அந்த நாட்களுக்கு ஈடாகப் படிப்பு நீளும், தேர்வு தள்ளிப்போகும், அந்த விலையை அவளே கொடுக்கிறாள். ஆனால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வரமாட்டார், ஏனென்றால் அவள் காகிதத்தில் மாணவி, ஊழியர் அல்ல. மாணவர்கள் இல்லாவிட்டால் ஒரு இரவுகூட ஓடாத மருத்துவமனை, அவர்களை ஊழியராக எண்ணுவதில்லை. அந்தப் பள்ளத்தை ஒரு பெண் இன்னொரு பெண்ணின் இரவைக் கொண்டு நிரப்ப வேண்டும். நடுவில் பட்டியல் எழுதுபவளும் ஒரு பெண். மாமியார் மருமகள் கதையில் வீட்டுக்குச் சொந்தக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் போல, இதில் யாரும் அரசைக் கேட்பதில்லை.

பெண்களுக்கு இரவுப் பணியே வேண்டாம் என்று ஒரு தீர்வு அடிக்கடி சொல்லப்படுகிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பணியில் இருந்த முதுநிலை மாணவி ஒருவர் மருத்துவமனைக்குள்ளேயே கொல்லப்பட்ட பிறகு, மேற்கு வங்க அரசு கூடுமானவரை பெண் மருத்துவர்களுக்கு இரவுப் பணி தவிர்க்கலாம் என்றது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது, பாதுகாப்பு தருவதே உங்கள் கடமை என்று உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அட்ரோபின் இரவைப் பறித்துக்கொண்டு பாதுகாப்பைத் தருவது, பாதி மருத்துவராக்கி அனுப்புவது.

நான் செய்தது சிறியது. ஒரு வாரம் இரவில் என்னென்ன செய்கிறார்கள் என்று பிஜிக்களை எழுதிவைக்கச் சொன்னேன். ரத்த வங்கிக்கு ஓடியது, ஸ்கேனுக்கு டிராலி தள்ளியது, ஒரே விவரத்தை நாலு படிவத்தில் நிரப்பியது, ஆய்வகத்தில் ரிப்போர்ட்டுக்குக் காத்து நின்றது: பாதி இரவு இதில் போயிருந்தது. இதற்குத்தான் ‘பயிற்சி’ என்று பெயர் வைத்திருந்தோம். கூடுதல் பணியாளர் கேட்டு எழுதினேன்; இரண்டு பேர் வந்தார்கள். இரவு டூட்டி முடித்தவர் ரவுண்ட்ஸில் நிற்க வேண்டியதில்லை என்றேன். உதவிப் பேராசிரியர்களும் முறை வைத்து இரவில் தங்க வேண்டும் என்றபோது அறை அமைதியானது. அவர்களில் மூவர் சிறு குழந்தைகளின் தாய்மார்கள். “நாங்க அதையெல்லாம் முடிச்சுட்டுத்தானே மேடம் வந்தோம்” என்றார் ஒருவர். கோபப்பட எனக்கு அருகதை இல்லை. என் வாசகத்தைத்தான் அவர் கடன் வாங்கியிருந்தார்.

அந்த மாணவிக்கு ஆண் குழந்தை. படிப்புக்குத் திரும்பியிருக்கிறாள், ஆறு மாதம் பின்தங்கி. பாட்டி அதற்குப் பிறகும் ஒருமுறை அட்மிட் ஆனார். வந்ததும் அவளைத்தான் விசாரித்தார்.

இந்த மாதத் தாள் இப்போது எதிரே இருக்கிறது. மூன்று இரவுகள் காலி. முதல் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் முதுகு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம். இரண்டாவதற்கு, மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாளே ஆன ஒரு மாணவனின் முறை வருகிறது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறேன்.