மூன்றே மூன்று சொற்களுக்கா இத்தனை பயம்?

தம்பி, தங்கச்சி, முதலில் ஒரு கணக்குப் போடு. இருக்கிறேன், இருக்கிறோம், இருக்கிறாய், இருக்கிறீர்கள், இருக்கிறான், இருக்கிறாள், இருக்கிறார், இருக்கிறார்கள், இருக்கிறது, இருக்கின்றன. எண்ணிவிட்டாயா? பத்து. ஆள் மாறினால் ஒன்று, ஆணா பெண்ணா என்று பார்த்து ஒன்று, மரியாதை கூடினால் இன்னொன்று. இவற்றில் பாதியைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பேசிவிட்டாய். மீதியை ஆரம்பப் பள்ளியிலேயே எழுதிவிட்டாய்.

இப்போது ஆங்கிலத்தின் பிரசன்ட் கன்டினியூவஸ் டென்ஸுக்கு வா. ஆம், இஸ், ஆர். எண்ணிப் பார். மூன்று! அதன் பின்னால் ஐஎன்ஜி ஒட்டிய ஒரு வினைச்சொல். மொத்தச் சரக்கே இவ்வளவுதான். பத்தை அசால்ட்டாகக் கையாளும் நீ, இந்த மூன்றைக் கண்டு ஏன் நடுங்குகிறாய்? நேர்காணல் அறையில் நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது? இலக்கணம் கடினமாக இருப்பதால் இல்லை. 'உனக்கு வராது' என்று எவரோ சொன்னதை நம்பிவிட்டதால்! அந்த நம்பிக்கையை இன்றோடு உடைத்துப் போடு.

உன்னிடமே இருக்கிறது ஆயுதம்

'படித்துக்கொண்டு இருக்கிறேன்' என்பதைப் பிரித்துப் பார். படிக்கிற வேலை ஒரு பக்கம். அதைத் தாங்கி நிற்கிற 'இருக்கிறேன்' மறுபக்கம். 'ஐ ஆம் ரீடிங்' என்பதும் இதே கட்டுமானம்தான். ரீடிங் என்றால் படித்துக்கொண்டு, ஆம் என்றால் இருக்கிறேன். தமிழில் 'இரு' கடைசியில் வரும்; ஆங்கிலத்தில் நடுவில் வரும். இடம்தான் வேறு, வேலை ஒன்றே.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் எது? 'ஐ கோயிங்', 'ஹீ கமிங்' என்று நடுவிலிருப்பதை விழுங்கிவிடுவது. 'நான் போய்க்கொண்டு' என்று சொல்லிவிட்டு வாக்கியத்தை முடிப்பாயா? மாட்டாய். 'இருக்கிறேன்' வரும்வரை உன் வாய் மூடாது. அதே பிடிவாதத்தை ஆங்கிலத்திலும் காட்டு! 'ஐ ஆம்' என்பது பேச்சில் 'ஐம்' என்று சுருங்கும். உதடு ஒருமுறை மூடினால் போதும். 'ஹீ இஸ்' என்பது 'ஹீஸ்' ஆகும். சுருங்கலாம், காணாமல் போகக் கூடாது.

கேள்வி கேட்கவேண்டுமா? நாம் 'வருகிறாயா' என்று வாலில் ஓர் ஆகாரத்தைச் சேர்க்கிறோம். அவர்கள் துணைச்சொல்லைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள்: 'ஆர் யூ கமிங்?' மறுக்கவேண்டுமா? அதே துணைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு நாட்: 'ஐம் நாட் கமிங்.' முடிந்தது பாடம்.

எப்போது போடுவது?

இதற்கும் உன் வாயையே கேள். தெருவில் நாள் முழுக்க நீ பேசுவதில் விடை இருக்கிறது.

'இப்ப சாப்பிட்டுட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடு.' இந்த நொடியில் நடப்பது. 'ஐம் ஈட்டிங்.'

'குரூப் ஃபோருக்குப் படிச்சிட்டு இருக்கேன்.' இதைச் சொல்லும்போது நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் வாக்கியம் பொய்யில்லை. இந்தக் காலகட்டத்தில் நடந்துவரும் வேலை அது. 'ஐம் பிரிப்பேரிங் ஃபார் குரூப் ஃபோர்.' ஊர் தேனி, தங்கியிருப்பது சென்னை ஹாஸ்டலில் என்றால், 'ஐம் ஸ்டேயிங் இன் எ ஹாஸ்டல்' என்பதும் இந்த வகைதான். தற்காலிகம் என்பதை அந்த ஐஎன்ஜி சொல்லாமல் சொல்லிவிடும்.

'நாளைக்குக் கோயம்புத்தூர் போறேன்.' நாளைக்கு நடக்கப்போவதை நிகழ்காலத்தில் சொல்கிறாயே, ஏன்? டிக்கெட் கையில் இருக்கிறது, முடிவாகிவிட்டது. ஆங்கிலத்துக்காரனும் அச்சு அசலாக இப்படித்தான் பேசுகிறான்: 'ஐம் கோயிங் டு கோயம்புத்தூர் டுமாரோ.' ஆனால் 'நாளைக்கு மழை பெய்யுது' என்று நீ சொல்வதில்லை, ஏனென்றால் மழை உன்னிடம் தேதி கொடுத்து வைக்கவில்லை. அவனும் அதற்கு இந்த டென்ஸைத் தொடமாட்டான்.

'விலைவாசி ஏறிக்கிட்டே இருக்கு.' மாறிக்கொண்டே வரும் நிலைமை. 'பிரைசஸ் ஆர் ரைசிங்.'

'எப்பப் பார்த்தாலும் போனையே நோண்டிக்கிட்டு இருக்கான்.' எரிச்சல்! இதையும் அதே டென்ஸில், நடுவே ஓர் ஆல்வேஸ் வைத்துச் சொல்கிறார்கள்: 'ஹீஸ் ஆல்வேஸ் ப்ளேயிங் வித் ஹிஸ் போன்.'

பார்த்தாயா? ஐந்து இடங்கள், ஐந்தும் உன் வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே புழங்குபவை.

எச்சரிக்கை ஒன்று உண்டு. தமிழில் 'படிக்கிறேன்' என்ற ஒரே சொல் தினமும் படிப்பதையும் குறிக்கும், இப்போது படிப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். ஆகவே பேசும் முன் 'தினமும்', 'இப்போது' என்ற இரண்டு சொற்களையும் மனதுக்குள் பொருத்திப் பார். தினமும் பொருந்தினால் 'ஐ ரீட்'. இப்போது பொருந்தினால் 'ஐம் ரீடிங்'. நேர்காணலில் 'வாட் டு யூ டூ?' என்று கேட்டால் உன் தொழிலைக் கேட்கிறார்கள். 'வாட் ஆர் யூ டூயிங்?' என்றால் இப்போது நீ ஈடுபட்டிருப்பதைக் கேட்கிறார்கள். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

எங்கே போடக் கூடாது?

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்டிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று நம் ஊரில் பலர் பேசுகிறார்கள். இதற்கும் மருந்து உன் தமிழிலேயே இருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். எல்லாமே 'எனக்கு' என்று தொடங்குகின்றன! இவை நீ செய்கிற செயல்கள் இல்லை, உன்னிடம் உள்ள நிலைகள். தமிழில் 'எனக்கு' வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஐஎன்ஜி வராது. ஐ நோ, ஐ வான்ட், ஐ லைக், ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.

'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்றால் 'ஐ திங்க் ஸோ'. 'நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றால் 'ஐம் திங்கிங்'. தம்பிகள் இருந்தால் 'ஐ ஹேவ்'; மதியச் சாப்பாட்டில் கை வைத்திருந்தால் 'ஐம் ஹேவிங் லன்ச்'. 'எனக்கு' போய் 'நான்' வந்ததும் ஐஎன்ஜியும் கூடவே வந்துவிட்டது, கவனித்தாயா? பிலீவ், ஓன் போன்ற சில சொற்கள் இந்த வழியில் சிக்காது; அவற்றைத் தனியாக மனதில் போட்டுக்கொள்.

சிரிக்கிறார்களா? சிரிக்கட்டும்!

தேவையில்லாத இடத்திலெல்லாம் ஐஎன்ஜி போடும் இந்தியப் பழக்கம் கவிதையிலேயே ஏறியிருக்கிறது. பம்பாய்க் கவிஞர் நிசிம் எசக்கியல் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்ற கவிதை முழுவதையும் அந்தப் பேச்சிலேயே எழுதிவைத்தார். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டால் பிழை வாய்க்குள்ளேயே கெட்டிப்படும். பேசினால்தான் அது வெளியே வரும், வெளியே வந்தால்தான் திருத்த முடியும்.

இந்த டென்ஸ் ஆங்கிலேயருக்கே ஒரே நாளில் வந்ததா என்ன? சுமார் 1600-ல் ஷேக்ஸ்பியர் எழுதிய ஹேம்லட் நாடகத்தில், புத்தகமும் கையுமாக வரும் இளவரசனிடம் என்ன படிக்கிறீர்கள் என்று போலோனியஸ் கேட்கிறான். அந்தக் கேள்வியில் ஐஎன்ஜி கிடையாது! இன்று எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் திருத்தும் வாக்கியம் அது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இன்று எல்லோரும் 'இஸ் பீயிங் பில்ட்' என்கிறார்களே, அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. 19-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் பலர் அதை அசிங்கம் என்று திட்டித் தீர்த்தார்கள். ஒரு தேசமே தலைமுறை தலைமுறையாகத் தடுமாறி, சண்டை போட்டுப் பழகிய விஷயத்தை நீ நான்கு நாளில் பிழையில்லாமல் பேசவில்லை என்று ஏன் குறுகிப்போகிறாய்?

இன்றே தொடங்கு

உலகெங்கும் மாணவர்கள் புரட்டும் ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' புத்தகத்தின் முதல் பாடமே இந்த டென்ஸ்தான். நூலகத்தில் கிடைத்தால் முதல் நான்கு பாடங்களை முடி. ரன் என்பது ரன்னிங் ஆகும்போது என் என்ற எழுத்து இரட்டிப்பதும், ரைட் என்பது ரைட்டிங் ஆகும்போது கடைசி ஈ உதிர்வதும் அந்தப் பயிற்சிகளை எழுத எழுதவே கைக்கு வந்துவிடும்.

ஆனால் உன் உண்மையான பயிற்சிக்கூடம் டவுன் பஸ்! ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் படுவதையெல்லாம் வாய்க்குள் சொல். 'தி கண்டக்டர் இஸ் கிவிங் டிக்கெட்ஸ். டூ பாய்ஸ் ஆர் ஹேங்கிங் ஆன் தி ஃபுட்போர்டு. ஐம் ஸ்டாண்டிங் நியர் தி டோர்.' காசு செலவில்லை, வாத்தியார் தேவையில்லை, கேலி செய்ய ஆளும் இல்லை. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் பத்து வாக்கியம். வீடு திரும்பியதும் அம்மா செய்வதை, அப்பா செய்வதை, தெருநாய் செய்வதைச் சொல். ஒரு வாரம் கழித்து ஒரு நண்பனைப் பிடித்து எதிரே உட்காரவைத்து, உரக்கச் சொல்!

பிழை வரும். வரட்டும். ஆம் போட மறப்பாய். மறந்த இடத்திலேயே நின்று, திரும்பச் சொல். உன் அப்பத்தாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தமிழைப் பிடித்த காது இன்னும் உன் தலையில்தான் இருக்கிறது. அதைவிடக் கடினமான மொழியையா இப்போது கேட்கிறார்கள்?

நல்ல நாள் பார்க்காதே. கோச்சிங் சென்டர் சேர்ந்த பிறகு என்று தள்ளிப்போடாதே. இன்று சாயங்காலம் எவராவது 'வாட் ஆர் யூ டூயிங்?' என்று கேட்டால், தலையை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்துச் சொல்: 'ஐம் லேர்னிங் இங்கிலீஷ்.' அதில் இலக்கணப் பிழையும் இருக்காது, பொய்யும் இருக்காது!