வலை பின்னியவர்

"இப்போதெல்லாம் நீங்கள் எழுதுவதில்லையா?"

எழுத்தை நம்பி வாழ்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்விகள் இரண்டு மூன்று உண்டு. அவற்றுள் முதலாவது இது. சென்ற மாதம் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், மிகுந்த அன்போடுதான் இதைக் கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றின் கதாநாயகி பெயரைத் தம் மகளுக்குச் சூட்டியிருப்பதாகவும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்தத் தொடர்கதைக்குப் பிறகு எட்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். எட்டாவது நாவல் அப்போது என் பைக்குள்ளேயே இருந்தது. அச்சு மை வாசனைகூட இன்னும் போகாத புத்தகம். "எழுதுகிறேன், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எண்ணூர் வரையில் புகைபோக்கிகள். மீஞ்சூர் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக வயல்வெளி. பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் வந்து போயின. கண் வெளியே இருந்ததே தவிர, மனம் அந்தக் கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்தது. 'ஒரு காலத்தில் எழுதியவர்' என்ற பட்டியலில் என்னை எப்போது சேர்த்தார்கள்? யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள்?

நான் பார்க்கப் போனது ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டரை. பல ஆண்டுகளாக எனக்குக் கடிதம் எழுதிவரும் வாசகர். பழவேற்காட்டுக்காரர். அப்பா ஏரியில் மீன் பிடித்தவர். மகன் இருபது வயதில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, ஐம்பத்தெட்டு வயது வரையில் அங்கேயே இருந்தார். சிப்காட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். இரும்பு உருக்கும் உலைகளும், கம்பி நீட்டும் ஆலைகளும், லாரிகள் கிளப்பும் புழுதியுமான இடம். ஷிப்டு முடிந்து வரும் கூட்டத்தில் இன்று தமிழைவிட ஒடியாவும் இந்தியும் அதிகமாகக் கேட்கின்றன.

நான் போனபோது நண்பர் வாசலில் உட்கார்ந்து நைலான் கயிற்றால் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். கையில் வலை பின்னும் ஊசி. மடியில் ஒரு சின்ன வலை. இதில் ஒரு கூடை நெத்திலிகூட நிற்காதே என்று நினைத்தேன்.

"மீனுக்கு இல்லை சார். பந்துக்கு" என்று சிரித்தார்.

பிறகு எதிர்ப்புறத்து மைதானத்தைக் காட்டினார். அங்கே துருப்பிடித்த ஒரு கம்பம், அதன் தலையில் ஒரு பலகை, பலகையில் ஒரு வளையம். கம்பத்திலிருந்து பக்கத்து வேப்பமரத்துக்குக் கொடி கட்டி யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அவருடைய ஆலையில் ஒரு கூடைப்பந்து அணி இருந்ததாம். ஷிப்டு முடிந்ததும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஆட ஓடுவார்களாம். முப்பத்து நான்கு வயதில் அவருக்கு முட்டி போயிற்று. சில ஆண்டுகளில் அணியும் போயிற்று. மிஞ்சியது வளையம் ஒன்றுதான்.

"நான் ஒண்ணும் ஸ்டார் இல்லை சார். மாவட்ட ஆட்டத்தைத் தாண்டினதில்லை. ஆனா முட்டி போன வருஷம் செத்துப் போனமாதிரிதான் இருந்தது. ஷிப்டுக்குப் போறேன், சம்பளம் வருது, எல்லாம் சரி. கையிலே பந்து இல்லேன்னா நான் யாருன்னு எனக்கே தெரியலை."

ரயிலில் என்னைக் குத்திய முள்ளை இந்த மனிதர் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே காலில் வாங்கியிருக்கிறார்!

அவர் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. 2021-ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருதாளர்களில் ஒருவரான அனிதா பால்துரை.

"பதினெட்டு வருஷம் இந்தியாவுக்கு ஆடியிருக்காங்க. தெருவிலே நடந்து போனா யாருக்காவது அடையாளம் தெரியுமா, சொல்லுங்க" என்று நண்பர் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெயரை அன்று அந்தச் சுவரில்தான் நான் முதல்முதலாகப் படித்தேன். என்னை மறந்துவிட்டார்களே என்று வருந்திக்கொண்டு வந்தவனுக்கு, ஒரு சாதனையாளரை அறியாமலே இருந்துவிட்டோமே என்ற வெட்கம் தேவையாகத்தான் இருந்தது.

பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1985-இல் பிறந்த சென்னைப் பெண். 2000 முதல் 2017 வரையில் இந்திய அணியில் ஆடியவர். பத்தொன்பது வயதிலேயே அணிக்குத் தலைமை ஏற்றவர். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண். தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள். 2013-இல் தோஹாவில் நடந்த மூவர் அணி ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். இவற்றையெல்லாம் தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே செய்தார். நான் அன்று ஏறி வந்த ரயிலும் தெற்கு ரயில்வேயின் ரயில்தான்.

அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1997-இலேயே ஆட்டங்களைத் தொடங்கிவிட்டது. அனிதா ஆடிய நாட்களில் நம் நாட்டில் பெண்களுக்கு அப்படி நிலைத்து நடந்த லீக் இல்லை. ரயில்வேயும் வங்கிகளும் காவல்துறையும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுக்கும் வழக்கம்தான் இங்கே தொழில்முறை. அது நல்ல வழக்கம். ஆட்டம் ஓய்ந்த பிறகும் உலை கொதிக்கும். ஆனால் உலை கொதிப்பதோடு மனிதனின் கேள்விகள் அடங்கிவிடுகின்றனவா?

மற்ற தொழில்களில் முதுமை மெல்ல வருகிறது. ஆசிரியருக்கும் வக்கீலுக்கும் தலை நரைக்க நரைக்க மதிப்புக் கூடுகிறது. விளையாட்டு வீரருக்கோ முப்பத்திரண்டு வயதில் ஒரு முதுமை. பிறகு எல்லோருக்கும் வருவதுபோல் இன்னொரு முதுமை. முதல் முதுமை வரும்போது தலையில் ஒரு நரை இருக்காது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

'ஏன் போகிறாய் என்று கேட்கும்போதே போய்விட வேண்டும். ஏன் இன்னும் இருக்கிறாய் என்று கேட்கும்வரை இருக்கக் கூடாது' என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இப்போது அதில் எனக்கு ஐயம் பிறந்திருக்கிறது. அனிதா குழந்தை பெற்ற பிறகும் மைதானத்துக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75க்கு 73 என்று வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணியில் அவரும் இருந்தார். தாயானபோதே விடைபெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வந்தது பற்றினாலா? பற்றுத்தான். ஆனால் எதன்மேல் பற்று?

இங்கேதான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். கைதட்டலின் மேல் வைக்கும் பற்று ஒன்று. வேலையின் மேல் வைக்கும் பற்று இன்னொன்று. இரண்டும் ஒரே கிளையில் பழுப்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. யாரும் பார்க்காதபோதும் அந்த வேலையைச் செய்வாயா என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும். நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்துக்கு எத்தனை பேர் கூடினார்கள்? எத்தனை பத்திரிகைகள் எழுதின? அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் பெரும்பகுதி கைதட்டல் இல்லாமலே கழிந்திருக்க வேண்டும். கைதட்டலை உண்டு வளராதவரை, கைதட்டல் நின்றதும் பசி வாட்டாது.

கைதட்டல் மழையாகப் பொழிந்த இடத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் பில் ரஸ்ஸல், பாஸ்டன் அணிக்காகப் பதின்மூன்று பருவங்கள் ஆடி 11 முறை கோப்பை வென்றவர். 1969-இல் ஓய்வு பெற்றார். 1972-இல் அவர் அணிந்த 6-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று விழா எடுக்க அவருடைய அணி விரும்பியது. அவரோ பொதுமக்கள் முன்னிலையில் வேண்டாம் என்றார். ரசிகர்களுக்குக் கதவு திறப்பதற்கு முன்பே, காலியான அரங்கில், உடன் ஆடிய தோழர்கள் சூழ அந்த விழா நடந்து முடிந்தது. கறுப்பினத்தவராக அந்த நகரத்தில் அவர் பட்ட அவமானங்களும் அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்தன. ஆனாலும் அவர் தோழர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. தம் வேலையை அறிந்தவர்களின் மதிப்புப் போதும் என்று நினைத்தார். 2022-இல் அவர் மறைந்த பிறகு அமெரிக்காவின் தொழில்முறைச் சங்கம் முழுவதுமே அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் நான் எழுதியது அநியாயமாகிவிடும். 'பலன் கருதாமல் உழை' என்ற அறிவுரை, பலனை அனுபவிக்கிறவர்களின் வாயில் மிக இனிமையாக ஒலிக்கும். அவர்தாம் புகழை நாடவில்லையே என்று சொல்லி நாம் நம் மறதிக்கு மன்னிப்பு வழங்கிக்கொள்ளக் கூடாது. கைதட்டல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆடியவருக்கு உண்டு. தட்டாமல் இருக்கும் உரிமை பார்த்தவர்களுக்கு இல்லை. உடம்பு ஓய்ந்த பிறகும் அந்த வீராங்கனையின் உள்ளத்தில் பதினெட்டு ஆண்டு அறிவு இருக்கிறது. பந்து எப்போது கையை விட்டுப் போக வேண்டும் என்ற அறிவு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாவிட்டால், நட்டம் அவருக்கு மட்டுமா?

மாலையில் நண்பரோடு மைதானத்துக்குப் போனேன். துணிகளை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நண்பர் முட்டி வலியோடு மெல்ல ஏறி, வளையத்தின் பன்னிரண்டு கொக்கிகளிலும் தாம் பின்னிய வலையை மாட்டினார். ஏரியில் அப்பாவிடம் கற்ற முடிச்சு. கீழே நின்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அமெரிக்காவில் 1891-இல் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து இந்த ஆட்டத்தைத் தொடங்கினாராம். அந்தக் கைப்பிடி பத்தடி உயரம். இன்றும் வளையம் பத்தடிதான். அந்தக் கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து உள்ளே விழுந்தால் ஒவ்வொரு முறையும் யாராவது ஏறி எடுத்துத் தர வேண்டியிருந்ததாம்.

"வளையம்தான் இருக்கிறதே, வலை இல்லாமல் ஆட முடியாதா?" என்று கேட்டேன்.

"ஆடலாம் சார். ஆனா வலை இருந்தாத்தான் பந்து விழுந்தது பையனுக்குத் தெரியும். வலை பந்தை ஒரு நொடி பிடிச்சு நிறுத்தி அப்புறம் விடணும். ரூல்லேயே அப்படித்தான் இருக்கு."

பையன் பந்தை எறிந்தான். மூன்று முறை பலகையில் பட்டு வெளியே போயிற்று. நான்காவது முறை உள்ளே விழுந்தது. வலை அதை ஒரு கணம் பிடித்தது; பிறகு விட்டது. மெல்லிய ஓர் ஓசை. நண்பரின் முகத்தைப் பார்த்தேன். 'நான் யாரு' என்ற கேள்வி அந்த முகத்தில் அப்போது இல்லை.

புகழும் அப்படித்தான் நம்மிடம் வர வேண்டும் போலிருக்கிறது. ஒரு கணம் நின்று, பிறகு போக வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளும் கூடையாக நாம் இருந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

பையிலிருந்த புத்தகத்தை நண்பரிடம் கொடுத்துவிட்டு இரவு ரயிலில் திரும்பினேன். பெட்டியில் ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஒன்று மட்டும் உறுத்திற்று. காலையில் அந்தப் பெரியவரிடம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு கதையைத் தம் மகளின் பெயராக முப்பது ஆண்டுகள் வீட்டில் அழைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். மறுபடி அவரைக் கண்டால் விலாசம் கேட்டு வாங்கி, புதிய புத்தகத்தில் ஒரு பிரதி அந்த மகளின் பெயருக்கு அனுப்பிவைப்பேன்.